கையுறைக்குள் நான்கு நாள்

புந்தோங், ஈப்போ
18 மே 2025

பெட்ரீசியா,

இல்லை, உன்னைக் கேட்காமல் செய்ததற்குக் காரணம் பெருமை அல்ல. வேறு ஏதோ. அதற்குப் பெயர் இன்னும் பிடிபடவில்லை.

நீ என் எண்ணை அடைத்துவிட்டாய். அதனால் தபால்தலை வாங்கினேன். அஞ்சலகத்தில் இருந்த பெண் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

நடந்தது இவ்வளவுதான். செரோஜா தோட்டத்து ஒன்றுகூடலுக்கு அம்மாவுடன் போனேன். தோட்டம் மூடி, தொழிலாளர் லயங்களை இடித்து, செம்பனை நட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது. இன்னும் வருடத்துக்கு ஒரு முறை எல்லாரும் ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு மண்டபத்தில் கூடிச் சாப்பிடுகிறார்கள். நீ வருவதில்லை. கனகராஜ் அங்கிள்தான் இப்போதும் தலைவர். என்னைப் பார்த்ததும், "ஒன் கூட்டாளி பெட்ரீசியா எப்படி இருக்கு? பாவம்லா அந்தப் புள்ள," என்றார்.

அந்தப் 'பாவம்' எனக்குப் பொறுக்கவில்லை. சொல்லிவிட்டேன். பாவம் எல்லாம் இல்லை அங்கிள், ஜூன் மாதம் நாங்கள் இரண்டு பேரும் மோட்டாரில் கிழக்குக்கரைக்குப் போகிறோம், கிரிக் மலைச்சாலை வழியாக, கூடாரம் போட்டுத் தங்கிக்கொண்டே. தொழிற்சாலை இயந்திரம் அவள் இடது கையில் மூன்று விரலை எடுத்தது, வண்டியை எடுக்கவில்லை.

குரல் உயர்ந்திருக்க வேண்டும். பக்கத்து மேசையில் கை தட்டினார்கள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அங்கிள் படம் கேட்டார். என்னிடம் இருந்தது உன் பாஸ்போர்ட் படம் ஒன்றுதான், அதைக் கொடுத்தேன்.

பேனரை நானும் உன்னைப் போலத் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில்தான் பார்த்தேன். 'ஒற்றைக் கையில் ஒரு சாதனைப் பயணம்'. பின்னால் சூரிய உதயம். பாஸ்போர்ட் படத்தில் கை இல்லாததால் யாரோ ஓர் ஆணின் முஷ்டியை ஒட்டியிருக்கிறார்கள். மணிக்கட்டில் முடி. கீழே: ஜூன் 15, ஞாயிறு காலை, கொடியசைப்பு.

பயண விஷயம். கூடாரத் துணி என்னிடம், கம்பிகள் உன்னிடம். இரண்டு வண்டிக்கும் பாரம் சமமாக இருக்கட்டும் என்று வாங்கிய அன்றே நீ பிரித்தாய். அடுப்பும் என்னிடம். முதல் இரவு தெமெங்கோர் ஏரிக்கரை என்று முடிவு செய்தோம். கடற்கரையில் தங்குவது பற்றிப் பேசவே இல்லை. அலையிலிருந்து எவ்வளவு தள்ளிக் கூடாரம் போட வேண்டும்?

திட்டியாவது எழுது.

ஷர்மினி

•

தாப்பா
23 மே 2025

ஷர்மினி,

ஈரமணல் எங்கே முடிகிறதோ அங்கிருந்து ஒரு லோரி நீளம் மேலே. உன் கேள்விக்குப் பதில் சொல்லியாயிற்று.

போன ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வந்தேன். ஓர் ஆன்டி. பெயர்கூடத் தெரியாது. "பேனர் பாத்தேம்மா. அழுதுட்டேன்லா," என்றார். கேட்காமலே என் இடது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டு ஜெபித்தார். நீண்ட ஜெபம். கார் நிறுத்தும் இடத்தின் நடுவில் நின்றேன். கார்கள் எங்களைச் சுற்றிப் போயின. அவர் நல்லவர். அதுதான் கஷ்டம், திட்டவும் முடியாது.

எங்கள் உதிரிச் சாமான் கடையிலும் அதேதான். பிரேக் ஷூ கேட்டு வருகிறவர்கள் கையைப் பார்த்த பிறகுதான் என்ன வண்டி என்று சொல்கிறார்கள். "இன்னும் நாலு பேனர் அடிக்கச் சொல்லு, கடைக்கு விளம்பரம்லா," என்கிறான் கிளென் அண்ணன். கையில் ஸ்பேனர் இருந்தது. அடிக்கவில்லை.

இந்தப் பயணத்தை நான் ஏன் கேட்டேன் என்று நீ ஒருமுறைகூடக் கேட்கவில்லை. நீயே ஒரு காரணத்தை எழுதிக்கொண்டாய், பல்கலைக்கழகத்தில் கட்டுரை எழுதுவாயே, அந்த மாதிரி. மீண்டெழுதல். சாதனை. என் காரணம் சின்னது. ஹெல்மெட் போட்டு, கையுறையும் போட்டுக்கொண்டால், நான் சாலையில் போகும் இன்னொரு மோட்டார்க்காரி. அவ்வளவுதான். இடது கையுறையில் மூன்று விரலுக்கு ஸ்பஞ்சு அடைத்து வைத்திருக்கிறேன். கையுறைத் தொழிற்சாலையில் விரலை விட்டவள், கையுறைக் கடையில் நின்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஏன் சிரிக்கிறீர்கள் என்று கடைக்காரர் கேட்டார்.

என்னைத் தெரியாத ஊர்கள் வழியாக நான்கு நாள். கையைப் பார்த்துவிட்டு யாரும் குரலைத் தாழ்த்தாத நான்கு நாள். அதைத்தான் கேட்டேன். அதை எடுத்து நீ கனகராஜ் அங்கிளிடம் கொடுத்துவிட்டாய்.

குழுவில் இன்னொன்றும் பார்த்தேன். ஸ்பீக்கர் கட்டிய வண்டி ஒன்று கிழக்கே கிளந்தான் வரை பின்னால் வருமாம், பாட்டுப் போட்டுக்கொண்டு. கிரிக் சாலையில் யானை இறங்கி வந்தால் அதனிடம் யார் பேசுவது? தலைவரா?

கொடியசைப்பை நிறுத்து. முடியாவிட்டால் கம்பிகள் என்னிடமே இருக்கட்டும். நீ துணியைப் போர்த்திக்கொண்டு தூங்கு.

பெட்ரீசியா

•

புந்தோங்
29 மே 2025

பெட்ரீசியா,

நிறுத்த முடியவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நூலகத்தில் அரை நாள் விடுப்புப் போட்டு, சிலிபினில் அங்கிள் வீட்டுக்குப் போனேன். மேசை மேல் பேனர் சுருட்டி வைத்திருந்தது.

"ஒய்பி தேதி குடுத்துட்டாரும்மா. ஒரு சட்டமன்ற உறுப்பினர்கிட்ட போயி இப்ப வேணாம்னு சொல்ல முடியுமா? சாப்பாடு வேற சொல்லியாச்சு."

"அங்கிள், அவளுக்குப் பிடிக்கல."

"கூச்சப்படுதுலா. மால போட்டா சரியாயிரும்."

"மால போட்டா அவ வரவே மாட்டா."

சுருட்டிய பேனரின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தார்.

"ஒன்னு கேக்குறேன். நம்ம செரோஜாவுல பொறந்தவன் எவன் படமாச்சும் பேப்பர்ல வந்துருக்கா? வந்துருக்கு. போலீஸ் தேடுனவன். லோரியில மோதுனவன். ஒரு தடவ நல்லதுக்கு நம்ம புள்ள படம் வரட்டுமேன்னு நெனச்சேன். அது தப்பாம்மா?"

தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உனக்கு வந்திருக்குமா?

ஸ்பீக்கர் வண்டியை மட்டும் நிறுத்திவிட்டேன். நீ எழுதிய யானையைச் சொன்னேன். யோசித்தார். "சரி, பசங்க மோட்டார்ல சிம்மோர் வரைக்கும் கூட வரட்டும். அங்க யான இல்ல," என்றார்.

நான் எதையும் கேட்கவில்லை என்று எழுதியிருந்தாய். உண்மை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்குத் தெரிந்தது அதுதான். பார்த்ததை இனி யாரிடமும் சொல்லப் போவதில்லை. அதனால் உன்னிடமே சொல்கிறேன்.

மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு நீ முதலில் வண்டி எடுத்தது தோட்டத்து மண்பாதையில். சிக்னல், ஹார்ன் பொத்தான்களை ஜெயபாலன் அண்ணன் தன் பட்டறையில் வலது பக்கம் மாற்றிக் கொடுத்திருந்தார். "இந்தச் சின்னக் கப்சாய் மோட்டாருக்குக் கிளட்ச் பிடியே இல்ல. எடது கை சும்மா கூட வந்தா போதும்," என்றாய். கடையில் சீனி கேட்கிற குரல். கையை வண்டியின் பிடி மேல் வைத்தாய். பிடிக்கவில்லை, வைத்தாய். செம்பனைகளுக்கு நடுவே போனாய். வளைவில் முதலில் உன் தோள் சாய்ந்தது, பிறகுதான் வண்டி. நீ திரும்பி வந்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். "ப்ளக் சத்தம் சரியில்ல," என்றாய்.

பிறகு எனக்குக் கற்றுக்கொடுத்தாய். நான் முன்னால், நீ உன் வண்டியில் பின்னால். எப்போதும் அப்படித்தான். கியரைத் தவறாக மாற்றினால் ஒரு ஹார்ன். வளைவில் அகலமாகப் போனால் இரண்டு. சரியாக ஓட்டினால் எதுவுமில்லை. அந்த எதுவுமில்லைக்காகத்தான் நான் ஓட்டினேன்.

வியக்காமல் உன்னைப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. கற்றுக்கொள்ள முடிகிற விஷயமா அது? தெரியவில்லை.

ஷர்மினி

•

தாப்பா
4 ஜூன் 2025

ஷர்மினி,

ப்ளக் சத்தம் உண்மையிலேயே சரியில்லை. மறுநாள் மாற்றினேன்.

லோரியில் மோதியவன் என்று அங்கிள் சொன்னது அவருடைய மகனை. தனேஸ்வரன். உனக்குத் தெரியாதா? நாம் அப்போது சின்னப் பிள்ளைகள். கிளென் அண்ணனோடு பள்ளியில் ஒன்றாகப் படித்தவன். பேப்பரில் வந்த படத்தில் ஆள் இல்லை, நசுங்கிய வண்டி மட்டும்தான் இருந்தது என்று அண்ணன் சொன்னான்.

அதனால் அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உன் மேல் வருகிறது. உன் மேல் வந்தால் பரவாயில்லை.

என் முடிவு இது. ஜூன் 14, சனிக்கிழமை விடிந்ததும் கிளம்புகிறேன். ஈப்போ பக்கமே வரவில்லை. தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறி, குவா மூசாங்கில் இறங்கி, அப்படியே கடலுக்கு. ஞாயிறு காலை அவர்கள் கொடியை எடுக்கும்போது நான் கிளந்தானில் இருப்பேன்.

நீயும் சனிக்கிழமை வா என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நாம் இரண்டு பேரும் போய்விட்டால், அங்கிள் அத்தனை பேர் முன்னால், ஒய்பி முன்னால், அந்த முஷ்டிக்குக் கீழே தனியாக நிற்பார். அவரை அப்படி நிற்க வைக்க என்னால் முடியாது. அதற்குப் பதில் நானே வந்து மாலையைப் போட்டுக்கொள்வேன். அதன் பிறகு எங்கே போனாலும் அது நான் கேட்ட பயணம் இல்லை.

யாராவது ஒருவர் ஞாயிற்றுக்கிழமை அங்கே இருக்க வேண்டும்.

நான் கெஞ்சவில்லை. நீ மாட்டேன் என்று சொன்னால் புரிந்துகொள்வேன். ஜனவரியிலிருந்து நீ எத்தனை வரைபடம் அச்சடித்தாய் என்று எனக்குத் தெரியும்.

மழைச்சட்டை இரண்டும் என்னிடம்தான் இருக்கின்றன. உன்னுடையதை அனுப்பவா, வைத்திருக்கவா?

பெட்ரீசியா

•

புந்தோங்
9 ஜூன் 2025

பெட்ரீசியா,

வைத்திரு. மலையில் ஒன்று நனைந்தால் இன்னொன்று.

கூடாரத் துணி, அடுப்பு, மஞ்சள் நைலான் கயிறு மூன்றையும் கட்டி வைத்திருக்கிறேன். கிளென் அண்ணன் நாளை சிலிபினுக்கு உதிரிச் சாமான் எடுக்க வருகிறார், இந்தக் கடிதத்தோடு கொடுத்துவிடுவேன். நேற்று துணியை வீட்டுக்கு முன்னால் விரித்து வெயில் காட்டினேன். அம்மா காலால் அளந்து பார்த்தாள்.

"இதுல ரெண்டு பேரு எப்படிடி படுப்பீங்க? ஒரு ஆளுக்கே பத்தாதுலா."

ஓர் ஆளுக்குத்தான் என்றேன்.

ஞாயிறு நான் நிற்கிறேன்.

வருத்தம் இல்லை என்று எழுதி அடித்துவிட்டேன். இருக்கிறது. அந்த ஏரியை நான் பார்த்ததில்லை. ஆனால் எனக்குள் ஒரு காட்சி உண்டு. காலை, தண்ணீர் மேல் பனி, நான் வண்டியைக் கிளப்புகிறேன், நீ பின்னால் வருகிறாய். எல்லாக் காட்சியிலும் நீ பின்னால்தான் வருகிறாய். நீ தனியாக முன்னால் போகும்போது எப்படி இருப்பாய்? யோசித்துப் பார்த்தேன். வரவில்லை. வராமலே இருக்கட்டும்.

கேமரன் இறக்கத்தில் காய்கறி லோரிகள் வேகமாக வரும். உனக்குத் தெரியும். ஆனாலும் சொன்னேன்.

ஷர்மினி

•

புந்தோங்
16 ஜூன் 2025

பெட்ரீசியா,

நீ திரும்பி வந்ததும் இது உன் மேசையில் இருக்கும். நேற்று நடந்தது.

கொடியசைப்பு இடத்தில் என்னைத் தனியாகப் பார்த்ததும் அங்கிள் கேட்டார். "எங்கம்மா அது?"

"அவ நேத்தே போய்ட்டா அங்கிள்."

அவர் அண்ணாந்து பேனரைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். நாற்காலிகள் நிரம்பிக்கொண்டிருந்தன. பிறகு போய் மைக்கை எடுத்தார்.

"நம்ம செரோஜாவுல பொறந்த புள்ள, கொடிக்காகவும் காத்திருக்கல, மாலைக்காகவும் காத்திருக்கல. நேத்தே கெளம்பிருச்சு. இந்நேரம் மலையத் தாண்டியிருக்கும். இதான் நம்ம புள்ள."

எழுந்து நின்று கை தட்டினார்கள். நீ வந்திருந்தால்கூட அவ்வளவு தட்டியிருக்க மாட்டார்கள். அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். உடனே, "இப்ப அவங்க தோழி பின்னால போறாங்க," என்று என்னைக் காட்டினார். அது நம் பேச்சில் இல்லை. மறுக்க நேரமும் இல்லை.

பொன்னாடை. மாலை. ஒய்பி தாமதமாக வந்து, என் வலது கையைக் குலுக்கினார். குலுக்கும்போது அவர் கண் என் இடது கைக்குப் போனது. விரல்கள் எல்லாம் இருந்தன. அவர் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம். ஒரு நொடிதான். நான் அந்தக் கையை மாலைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன், ஒன்றுமே ஆகாத கையை. உன் கடிதத்தில் இருந்ததை அப்போதுதான் படித்தேன் என்று நினைக்கிறேன்.

சிலிபின் முனையில் திரும்பி வீட்டுக்கு வந்துவிடுவதுதான் என் திட்டம். ஆனால் பையன்கள் கொடி கட்டிக்கொண்டு சிம்மோர் வரை வந்துவிட்டார்கள். அவர்கள் முன்னால் திரும்ப முடியவில்லை. அவர்கள் கையசைத்துத் திரும்பிய பிறகும் கொஞ்ச தூரம் போனேன். சுங்கை சிப்புட்டில் ஒரு தேநீர்க் கடையில் தே குடிக்க நிறுத்தினேன். மாலையைக் கழற்ற மறந்திருந்தேன்.

கடைக்கார அக்கா மேலும் கீழும் பார்த்தார். "கல்யாணத்துலேர்ந்து ஓடி வந்துட்டியாம்மா?"

"ஆமாக்கா."

"நல்லா பண்ண," என்று ஒரு வடையும் வைத்தார்.

திரும்பி வரும்போது கண்ணாடியில் யாருமில்லை. ஹார்ன் இல்லை. தவறாக ஓட்டினேனா சரியாக ஓட்டினேனா என்று சொல்ல ஆளில்லை. வீடு வந்து சேர்ந்தேன்.

ஷர்மினி

•

பெனாரிக் கடற்கரை, திரங்கானு
16 ஜூன் 2025

ஷர்மினி,

ஏறினேன். இறங்கினேன். மலையில் நல்ல மழை. ஸ்பஞ்சு நனைந்து விரல் கனத்தது. இல்லாத விரல் கனப்பது இதுதான் முதல் தடவை.

குவா மூசாங்கில் பெட்ரோல் போடும் பையன், தனியாகவா என்று மலாயில் கேட்டான். ஆமாம் என்றேன். பின் சக்கரத்தில் காற்று குறைவு என்றான். அவ்வளவுதான். அந்தப் பேச்சை மறுபடி மறுபடி நினைத்துக்கொண்டே ஓட்டினேன்.

நேற்று மாலை கடலுக்கு வந்தேன். கூடாரம் போட வெகுநேரம் ஆனது. கம்பியைப் பல்லால் பிடித்தேன், முழங்காலால் துணியை அழுத்தினேன், காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போனது, பின்னால் ஓடினேன். நீ பார்த்திருந்தால் கட்டுரை எழுதியிருப்பாய். ஓர் ஆடுதான் பார்த்தது. அதற்கும் ஆர்வமில்லை.

இன்று காலை மீன்குழம்போடு நாசி டாகாங் சோறு சாப்பிட ஒரு கடைக்குப் போனேன். பசியில் மறந்துபோய்க் கையுறையைக் கழற்றிவிட்டேன். கடைக்கார அம்மா பார்த்தார். தட்டை வலது கைப் பக்கமாக நகர்த்தி வைத்தார். குழம்பு இன்னும் வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றேன். பிறகு கையுறையைப் போடவில்லை. நாளைக்கும் போட மாட்டேன் என்று நினைக்கிறேன். தெரியவில்லை.

திரும்பி வந்தபோது கூடாரத்துக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் படம் எடுத்துக்கொண்டிருந்தது. என் போனைக் கொடுத்து என்னையும் ஒன்று எடுக்கச் சொன்னேன். ஊருக்குள் ஒரு கடையில் அச்சடித்தேன். இதோடு இருக்கிறது.

எனக்கு முன்னால் ஆளில்லாமல் ஓட்டுவது பழகவில்லை. கியரை யார் தவறாக மாற்றுகிறார்கள் என்று வழியெல்லாம் காது கொடுத்துக்கொண்டே வந்தேன்.

நாளை திரும்புகிறேன்.

பெட்ரீசியா

•

புந்தோங்
24 ஜூன் 2025

பெட்ரீசியா,

படம் கிடைத்தது.

கூடாரம் கோணலாக நிற்கிறது. நீ அதன் முன்னால் மணலில் உட்கார்ந்திருக்கிறாய். வெயிலுக்கு இடது கையை நெற்றி மேல் வைத்திருக்கிறாய். அந்தக் கையின் நிழல் முகத்தில் பாதி விழுந்திருக்கிறது. சிரிக்கவில்லை. சிரிக்காமலும் இல்லை. எடுப்பவரை நீ பார்க்கவே இல்லை, அவருக்குப் பின்னால் எதையோ பார்க்கிறாய். நான் பார்த்த படங்களிலேயே... வேண்டாம். நிறுத்திக்கொள்கிறேன்.

இதை என்ன செய்ய வேண்டும் என்று நீ எழுதவில்லை. காட்டாதே என்றும் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கனகராஜ் அங்கிள் வீட்டுக்கு வந்தார். அம்மா தே கலக்கினாள்.

"பேப்பர்காரன் கேக்குறாம்மா. பேனர் படம் வேணாங்குறான், கை ஒட்டுன மாதிரி இருக்காம். கடல்கிட்ட எடுத்தது ஒன்னு இருந்தா குடு. பெருசா போடுறானாம்."

படம் மேசையில்தான் இருந்தது, நான் படித்துக்கொண்டிருந்த புத்தகத்துக்கு அடியில். அவர் முழங்கை அந்தப் புத்தகத்தின் மேல் இருந்தது. நான் நசுங்கிய வண்டியை நினைத்தேன். அவர் மகன் வயதில் இப்போது எத்தனை பேர் நம் தெருவில் மோட்டார் ஓட்டுகிறார்கள் என்று நினைத்தேன். இந்தப் படம் பேப்பரில் வந்தால் அவர் அதை வெட்டி எங்கே வைப்பார் என்றுகூட எனக்குத் தெரிந்தது. மே மாதமாக இருந்தால் கொடுத்திருப்பேன்.

"எங்கிட்ட வாங்காதீங்க அங்கிள். அவகிட்டயே கேளுங்க. குடுத்தா அவ குடுக்கட்டும்."

"அது திட்டுமேம்மா."

"திட்டுவா."

"ரொம்பத் திட்டுமா?"

"ஆமா."

அவர் சிரித்தார். தேயைக் குடித்து முடித்தார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "போயிட்டு நல்லபடியா வந்துருச்சுல்ல, அது போதும்," என்றார். தாப்பாவுக்கு எந்த பஸ் என்று அம்மாவிடம் கேட்டார். வந்தாலும் வருவார். வந்தால் உட்காரச் சொல். கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம்.

அவர் போன பிறகு படத்தை எடுத்து உறையில் போட்டு, அலமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். வெளியே வந்து வண்டிச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டேன். கையைக் கழுவிக்கொண்டு, அம்மாவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தேன்.

ஷர்மினி